கதவு என்னும் நாயின் மறைவு

"இப்ப நான் யாரு?"

மகள் நான்கு வயதில் கேட்ட கேள்வி இது. அம்மா வேலை பார்க்கும் கண்ணாடிக் கடையில், லென்ஸ் மாட்டாத பெரிய ஃப்ரேம் ஒன்றை மூக்கில் மாட்டிக்கொண்டு, நிலைக்கண்ணாடி முன் நின்று கேட்டாள். கடையில் அன்று கூட்டம். அம்மா ஒரு லென்ஸின் விளிம்பைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நிமிராமலே, "பக்கத்து வீட்டுப் பொண்ணு. போ, உங்க வீட்டுக்குப் போ" என்றாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். குழந்தை ஃப்ரேமைக் கழற்றி வைத்துவிட்டு சாயங்காலம் வரை அழுதது.

"இல்லடி, நீ என் பொண்ணுதான்டி."

"அப்ப ஏன் பாக்காமலே சொன்ன?"

அன்றிரவு சாமி கும்பிடும்போது அம்மா மன்னிப்புக் கேட்டாள். மன்னிப்புக் கிடைத்ததா என்று தெரியவில்லை.

பதினோரு வருடம் கழித்து, அதே மகள் சைக்கிளிலிருந்து தூக்கி எறியப்பட்டு, ஏழு வாரம் மருத்துவமனையில் கிடந்து, வீட்டுக்கு வந்தாள். கை கால் எல்லாம் நன்றாக இருந்தன. தலைமுடி திரும்ப முளைத்துக்கொண்டிருந்தது. பார்க்க வந்தவர்கள் எல்லாரும், "ஒண்ணும் ஆகல, பழைய மாதிரியே இருக்கா, பாரேன்" என்று சந்தோஷமாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். அவர்கள் போன பிறகு அவள் போர்வையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டு கிடந்தாள்.

வெளிச்சம் பட்டால் தலை வலித்தது. அழைப்பு மணி அடித்தால் அழுகை வந்தது. சொல்ல வந்த வார்த்தை வாய்க்கு வருவதற்குள் வேறொரு வார்த்தை முந்திக்கொண்டு வந்து நின்றது. தண்ணீர் கேட்கப் போய் "சாவி" என்பாள். தப்பென்று அவளுக்கே தெரியும். தெரிந்ததும் கையில் இருப்பதைத் தூக்கி எறிவாள். ஒன்று மட்டும் தவறாமல் நடந்தது. தினமும் காலையில் எழுந்ததும் பள்ளிக்கூடப் பையை எடுத்துப் புத்தகங்களை அடுக்கினாள். அடுக்கி முடித்து, செருப்பு மாட்டிக்கொண்டு வாசலில் நிற்பாள். "இன்னும் இல்ல கண்ணு" என்று அம்மா சொன்ன பிறகுதான் நினைவு வரும்.

பள்ளிக்கூடத்திலிருந்து கடிதம் வந்திருந்தது. 'தலைக்காயத்திலிருந்து மீண்டு வரும் மாணவர், குடும்ப ஆதரவு மையத்தின் நிறைவுச் சான்றிதழை இப்பருவம் முடிவதற்குள் ஒப்படைக்க வேண்டும். தவறினால் பெயர் பதிவேட்டிலிருந்து நீக்கப்படும்.' பருவம் முடியப் பதினோரு வாரம் இருந்தது. ஆதரவு பத்து வாரம். ஒரு வாரம் மிச்சமிருக்கிறதே என்று அம்மா கடவுளுக்கு நன்றி சொன்னாள்.

மையத்தின் பெயர் 'முழு அரவணைப்பு இணையக் குடும்ப ஆதரவு மையம்'. புதன்கிழமை தோறும் மதியம் பன்னிரண்டரை மணிக்கு, நாற்பத்தைந்து நிமிடம், வீட்டிலிருந்தபடியே, கணினித் திரை வழியாக. தொடங்கும் முன் மைய இயக்குநரின் வரவேற்புப் படத்தைப் பார்க்கவேண்டும். தாண்டிப் போக வழியில்லை. இயக்குநர் ஒரு பெரிய மேசைக்குப் பின்னால் கைகளைக் கோத்துக்கொண்டு பேசினார்.

"அன்புக் குடும்பங்களே! நாங்கள் உங்களைத் தேடி வீட்டுக்கு வருவதில்லை. வந்தால் ஒரு நாளைக்கு நான்கு குடும்பங்களைத்தான் பார்க்க முடியும். வராததால் நானூறு குடும்பங்களைப் பார்க்கிறோம். எங்கள் அடுத்த இலக்கு நாலாயிரம். அதற்கு உங்கள் ஒத்துழைப்பு தேவை. உங்களுக்கு உதவ எங்களுக்கு உதவுங்கள்."

பின்னணியில் உற்சாகமான இசை ஒலித்தது. மகள் காதைப் பொத்திக்கொண்டாள்.

திரையில் ஒரு முட்டை வடிவக் கோடு இருந்தது. குடும்பத்தின் எல்லா முகங்களும் அதற்குள் இருக்கவேண்டும். அப்பா லிஃப்ட் மெக்கானிக். சாப்பாட்டு நேரத்தில் கிரீஸ் கறையோடு ஓடி வந்து, குனிந்து, தன் முகத்தையும் அதற்குள் நுழைத்தார். யாராவது வெளியே போனால் சிவப்பு விளக்கு மின்னி, மணி அடித்து, 'குடும்பம் கலைந்துவிட்டது' என்று எழுத்து வரும். மூன்று முறை கலைந்தால் அமர்வு ரத்து.

வழிகாட்டி ஒருவர் தோன்றினார். எந்நேரமும் புன்னகைத்தார். திரையின் ஓரத்தில் சிறிய பச்சைக் கோடு ஒன்று ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அது அவருடைய புன்னகையை அளக்கும் கோடு என்று பிற்பாடுதான் தெரிந்தது. பாவம், அவரும் வேலைக்கு வந்தவர்தான்.

"முதல்ல உங்க குடும்பத்தோட முதன்மைப் பிரச்சினையைப் பதிவு பண்ணுவோம். பட்டியல்ல முப்பத்திரண்டு இருக்கு. ஒண்ணைத் தொடுங்க."

அம்மா மேலிருந்து கீழ் வரை இரண்டு முறை படித்தாள். "தலைல அடிபட்டது இதுல இல்லைங்களே?"

"தலைக்காயம் இங்க எல்லாருக்கும் பொதுங்க. எல்லாருக்கும் இருக்கறதைப் பிரச்சினைன்னு எடுத்துக்க முடியாதில்லையா? அதுபோக உங்களுக்குன்னு என்ன இருக்குன்னு பாருங்க."

கடைசியில் 'வேறு' என்று ஒன்று இருந்தது. அதைத் தொடலாம் என்று அம்மா கை நீட்டினாள்.

"நீங்க தொடக்கூடாதுங்க. பாதிக்கப்பட்டவர்தான் தொடணும். அதிகாரமளித்தல்."

மகள் விரலை நீட்டினாள். விபத்துக்குப் பிறகு அந்த விரலில் ஒரு நடுக்கம் இருந்தது. அது 'வேறு' என்ற சொல்லுக்கு ஒரு வரி மேலே போய் விழுந்தது. திரையில் ஒரு பூ மலர்ந்தது. 'நன்றி. உங்கள் பிரச்சினை பதிவாகிவிட்டது: வளர்ப்பு நாயின் மறைவு.'

"ஐயோ, எங்க வீட்ல நாயே இல்லைங்க!"

"ஆமாங்க. அதுதானே பிரச்சினை," என்றார் வழிகாட்டி கனிவாக. "நாய் இல்லாம வீடே வெறிச்சோடிப் போயிருக்கும்."

"இல்லைங்க, எப்பவுமே நாய் இருந்ததில்லை. விரல் தவறிடுச்சு. மாத்திக் குடுங்க."

"மாத்தலாம். பிரச்சினை மாற்ற விண்ணப்பம் இருக்கு. ஆனா ஒரு பிரச்சினை தீர்ந்த பிறகுதான் அடுத்த பிரச்சினைக்கு மாற முடியும். முதல்ல இதைத் தீர்ப்போம். நாயோட பேர் என்ன?"

பச்சைக் கோடு இறங்கத் தொடங்கியது. வழிகாட்டி அவசரமாக இன்னும் கொஞ்சம் புன்னகைத்தார். "பேர் இல்லாம அடுத்த பக்கம் திறக்காதுங்க."

மகள் ஏதோ சொல்ல முயன்றாள். எழுந்து போகவேண்டும் என்பதற்காக இருக்கலாம். உதடு பிரிந்து, மூடி, மறுபடி பிரிந்தது. வெளியே வந்த வார்த்தை, "கதவு."

"கதவு! எவ்வளவு அருமையான பேர்," என்றார் வழிகாட்டி, தட்டச்சு செய்துகொண்டே.

அமர்வு முடிந்ததும் அப்பா முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார். "நடுவுல நின்னுபோன லிஃப்ட்ல ஆளு மாட்டிக்கிட்டா நான் முதல்ல என்ன பண்ணுவேன் தெரியுமா? கதவுல தட்டி, 'வந்துட்டேங்க, இங்கதான் நிக்கறேன்'னு சொல்வேன். அதுலயே பாதி பயம் போயிடும். இவங்க என்னடான்னா, 'உங்க லிஃப்ட் மேல போகுதா, கீழ போகுதா? பட்டியலைப் பாத்து ஒண்ணைத் தொடுங்க'ங்கறாங்க."

"உங்களுக்கு எப்பவும் லிஃப்ட்தான்."

"லிஃப்ட்ல இருந்து ஆளை வெளிய எடுத்திருக்கேன்ல?"

அம்மா மகளின் அறை ஜன்னல் திரைச்சீலையை இழுத்து மூடினாள்.

இரண்டாம் வாரம் நாயின் புகைப்படம் கேட்டார்கள். இல்லை என்றதும், துக்கத்தில் படங்களை அழித்துவிடுவது இயல்பான கட்டம்தான் என்று ஆறுதல் சொல்லி, நினைவிலிருந்து வரையச் சொன்னார்கள். மகள் பென்சிலைப் பிடித்து ஒரு நீள்சதுரம் வரைந்தாள். அதற்குள் ஒரு கைப்பிடி. 'மிகுந்த கலைத்திறன்' என்று குறிப்பு வந்தது. இருபதாவது நிமிடத்தில் அவள் திரையைப் பார்க்க முடியாமல் கண்ணை மூடினாள். முகம் சாய்ந்தது. மணி அடித்தது. மணிச் சத்தத்தில் அழுதாள். அழுததில் தலை மேலும் சாய்ந்தது. குடும்பம் கலைந்துவிட்டது. மறுபடி கலைந்துவிட்டது. அமர்வு முடிந்ததும் குளியலறையில் போய் வாந்தி எடுத்தாள். இரண்டு நாள் எழுந்திருக்கவில்லை.

பை மட்டும் மூன்றாம் நாள் காலையில் அடுக்கப்பட்டிருந்தது.

மருத்துவர் சீட்டு எழுதிக் கொடுத்தார்: ஒரு நாளில் பத்து நிமிடத்துக்கு மேல் திரை பார்க்கக் கூடாது. அம்மா அதை மையத்துக்கு அனுப்பினாள். பதில் உடனே வந்தது. 'தங்கள் அக்கறைக்கு நன்றி. திரை விலக்கு கோரும் குடும்பத்தார், பாதிக்கப்பட்டவருடன் அமர்ந்து, திரை விலக்கு பற்றிய நாற்பது நிமிட விளக்கப் படத்தை முழுவதும் பார்த்த பின் விண்ணப்பிக்கலாம்.'

மூன்றாவது அமர்வில் இரண்டு முறை கலைந்து, எப்படியோ தப்பித்தார்கள். மறுநாள் அம்மா உதவி எண்ணை அழைத்தாள். அரை மணி நேரம் அதே உற்சாகமான இசை. பிறகு ஒரு பெண் குரல்.

"வணக்கம். உதவி இருக்கை நாற்பத்தொன்று. இந்த அழைப்பு பதிவாகுது. சொல்லுங்கம்மா."

அம்மா எல்லாவற்றையும் சொன்னாள். வெளிச்சம், மணி, வாந்தி, வாசலில் செருப்போடு நிற்பது. நாயைப் பற்றியும் சொன்னாள். அந்தக் குரல் மெதுவாகக் கேட்டது.

"பொண்ணுக்கு என்ன வயசும்மா?"

"பதினஞ்சு."

"ம்." பிறகு, படிப்பதுபோல் சொன்னது: "விதி பதினேழு. கேமரா பழுதானால், உதவி இருக்கைப் பணியாளர் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எண் சொல்லி, குடும்பத்தார் அதைத் தட்டினால், வருகை ஏற்கப்படும். குரல் மட்டும் போதும். பாதிக்கப்பட்டவர் படுத்திருக்கலாமா கூடாதான்னு விதியில எழுதல."

"எங்க கேமரா நல்லாத்தாங்க இருக்கு."

"நல்லா இருக்காம்மா? கேமரா மேல துணி கிணி விழுந்தாக்கூடப் பழுதுன்னுதான் இங்க காட்டும். வீட்ல துணி இருக்கா?"

கண்ணாடிக் கடையில் வேலை செய்பவளிடம் கண்ணாடி துடைக்கும் துணிக்கா பஞ்சம்? இருந்தாலும் அம்மாவுக்கு மனம் உறுத்தியது. "அது பொய் இல்லைங்களா?"

"துணி நிஜம்தானேம்மா?" என்றது குரல்.

அப்படித்தான் நான்காவது புதன்கிழமையிலிருந்து மகள் இருட்டு அறையில் படுத்திருந்தாள். கதவிடுக்கு வழியாக வழிகாட்டியின் குரல் மட்டும் தணிவாக அவளுக்குப் போய்ச் சேர்ந்தது. கூடத்தில் கணினியின் நெற்றியில் நீலத் துணி தொங்கியது. அம்மா தொலைபேசியைக் காதில் இடுக்கிக்கொண்டு, நாற்பத்தொன்றாம் இருக்கைப் பெண் சொல்லும் ஆறு இலக்க எண்ணை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தட்டினாள். ஓர் அமர்வுக்கு ஒன்பது எண்கள்.

இப்படித் தொடங்கிய இரண்டாவது வாரமே அம்மாவுக்கு ஒன்று புரிந்தது. எண்ணுக்கும் எண்ணுக்கும் நடுவே மற்றவர்கள் பேசும் சத்தமும் பாத்திரச் சத்தமும் தூரத்தில் கேட்டன.

"அது உங்க சாப்பாட்டு நேரமாங்க?"

"அதனாலென்னம்மா. அடுத்த எண் வருது. நாலு, ஒண்ணு, எட்டு... இருங்க, எட்டா மூணா? எட்டுதான்."

அது மூன்று; தட்டிய எண் தப்பாகிவிட்டது. தொடர்ந்து மூன்று எண் தப்பானால் பூட்டிக்கொள்ளும். அடுத்த எண்ணிலும் அதே குழப்பம்.

அம்மா தன் தொழில் குரலில் கேட்டாள். "நீங்க போட்டிருக்கறது தூரத்துக்கும் கிட்டத்துக்கும் சேந்த கண்ணாடியா?"

"ஆமாம்."

"இடது கண்ணை மூடிக்கிட்டுப் பாருங்க."

"...அட. இப்ப தெளிவாத் தெரியுது. மூணும்மா, மூணு."

"வட்டமான ஃப்ரேமா? அப்ப ஸ்க்ரூ தளந்து லென்ஸ் உள்ளயே திரும்பிடுச்சு. ரெண்டு நிமிஷ வேலைங்க. எந்தக் கண்ணாடிக் கடையிலயும் பண்ணுவாங்க."

"அந்த ரெண்டு நிமிஷம்தாம்மா கிடைக்கல. நான் வெளிய வரும்போது கடை மூடிடறாங்க. அது கிடக்கட்டும். சொந்த விஷயம் பேசினா எனக்குப் புள்ளி குறையும். அடுத்த எண்."

அதற்குப் பிறகு அவள் ஒரு கண்ணை மூடிக்கொண்டுதான் எண்களைப் படித்தாள். ஒன்று கூடத் தப்பவில்லை. உலகத்தின் பெரிய காரியங்களைக் கடவுள் இயக்குநர்களிடம் ஒப்படைத்துவிட்டார் போலிருக்கிறது. சின்னக் காரியங்களை மட்டும் இப்படி யாரிடமாவது கொடுத்து வைத்திருக்கிறார்.

நாயின் துக்கமோ நாளுக்கு நாள் பெருகியது. ஐந்தாம் வாரம் நினைவுப் பெட்டி செய்யச் சொன்னார்கள். கழுத்துப்பட்டை, தட்டு, பிடித்த பொம்மை. அப்பா லிஃப்ட்டின் பழைய ரப்பர் வளையம் ஒன்றைக் கொண்டுவந்து போட்டார். ஆறாம் வாரம், 'கதவுக்குக் கண்ணீர் அஞ்சலி' என்று முப்பத்தெட்டுக் குடும்பங்களிடமிருந்து செய்தி வந்தது. அனுப்பியே ஆகவேண்டும், அனுப்பாவிட்டால் அவர்களுக்குப் பக்கம் திறக்காது. ஒரு செய்தியின் அடியில் மட்டும் யாரோ ஒரு தாய், 'எம் பையனுக்கு இப்பல்லாம் என்னைக் கண்டாலே கோபம். உங்க பொண்ணு எப்படி இருக்கா?' என்று எழுதியிருந்தாள். அம்மா பதில் எழுதுவதற்குள் 'தலைப்புக்குப் புறம்பானது' என்று அது நீக்கப்பட்டுவிட்டது. அன்று முழுவதும் அந்தத் தாயின் நினைவாகவே இருந்தது. பெயர் கூடத் தெரியாமல் அவள் மகனுக்காக வேண்டிக்கொண்டாள்.

எட்டாவது அமர்வு. வழிகாட்டி கேட்டார்: "கதவு இறந்தப்போ உங்களுக்கு எப்படி இருந்தது? ஒண்ணுலேர்ந்து பத்துக்குள்ள சொல்லுங்க."

இருட்டு அறையிலிருந்து வழக்கமாகச் சத்தம் வராது. அம்மாதான் ஏதாவது ஓர் எண்ணைச் சொல்லிவைப்பாள். அன்று சத்தம் வந்தது.

"அது சாகல."

அம்மா எழுந்து கதவருகே போனாள்.

"அது..." வார்த்தையைத் தேடும் மூச்சு கேட்டது. "வெளிய போச்சு. ஓடிச்சு. திரும்பி வந்திச்சு. ஆனா... வந்தது வேற நாய். எல்லாரும் பழைய பேரைச் சொல்லியே கூப்பிடறாங்க. அதுக்குத் திரும்பிப் பாக்கத் தெரியல. பாத்தாலும்... அது அந்த நாய் இல்ல."

விபத்துக்குப் பிறகு அவள் இவ்வளவு பேசியதில்லை. ஒரு வார்த்தை கூட இடம் மாறி வந்திருக்கவில்லை. தொலைபேசியில் நாற்பத்தொன்றும் எண் சொல்ல மறந்துபோனாள்.

"கதவு பதிவுப்படி இறந்திருக்கே?" என்றது கூடத்திலிருந்து வழிகாட்டியின் குரல். "திரும்பி வந்தா ஒண்ணுலேர்ந்து பத்துக்குள்ள எங்க போடறது?"

அம்மா அதைக் கேட்கவில்லை. அவள் காதில் பதினோரு வருடத்துக்கு முந்தைய கேள்விதான் இருந்தது. இருட்டுக்குள் போய், படுக்கையின் ஓரத்தில் உட்கார்ந்து, மகளின் முகத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டாள். இருட்டில் என்ன தெரியும்? இருந்தாலும் நன்றாகப் பார்த்தாள். நெற்றித் தழும்பு, வியர்வை, மூடிய இமை, எல்லாவற்றையும் பார்த்த பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"எந்த நாயா இருந்தா என்ன கண்ணு. வீடு தேடி வந்திருக்கு. பசிக்குதா அதுக்கு?"

மகள் சொன்னாள். "பசிக்குது."

அம்மா தட்டில் போட்டுக் கொண்டுவந்து ஊட்டினாள். பத்தாவது நிமிட எண்ணும் பதினைந்தாவது நிமிட எண்ணும் தவறிப்போயிருக்க வேண்டும். ஆனால் அன்றைய வருகை முழுமை என்றுதான் பதிவாகியிருந்தது. எப்படி என்று அம்மா கேட்கவில்லை. நாற்பத்தொன்றும் சொல்லவில்லை.

மறுநாள் கடிதம் வந்தது. 'பதிவில் மறைந்த வளர்ப்புப் பிராணி திரும்பி வந்ததாக வாக்குமூலம். விசாரணைக் குழு முன் இணைய வழி ஆஜராகவும். முடிவு வரும்வரை சான்றிதழ் நிறுத்திவைக்கப்படுகிறது.'

குழுவில் மூன்று பேர். நடுவில் இயக்குநரே இருந்தார். அம்மாவும் அப்பாவும் முட்டைக் கோட்டுக்குள் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். மகள் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள். மறுநாளுக்கான பை அப்போதே சுவரோரம் அடுக்கித் தயாராக இருந்தது.

"ஐயா, உண்மையைச் சொல்லிடறேன்," என்றாள் அம்மா. "எங்க வீட்ல நாயே இருந்ததில்லைங்க. எம் பொண்ணு விரல் நடுங்கித் தப்பாப் பட்டுடுச்சு. அவளுக்குத் தலைலதான் அடி. அதுக்கு உதவி பண்ணுங்கன்னுதான் வந்தோம்."

மூவரும் குனிந்து கலந்து பேசினார்கள். பிறகு இயக்குநர் நிமிர்ந்தார்.

"அம்மா, உணர்ச்சிவசப்படாதீர்கள். தர்க்கரீதியாகப் பார்ப்போம். நாயே இல்லை என்றால் அது இறந்திருக்க முடியாது. இறக்கவில்லை என்றால் அதற்காக எட்டு வாரம் நாங்கள் ஆதரவு தந்திருக்க முடியாது. ஆனால் ஆதரவு தந்திருக்கிறோம். பதிவு இருக்கிறது. முப்பத்தெட்டு அஞ்சலிகள் இருக்கின்றன. ஆகவே, நாய் இருந்தது."

"சரிங்க," என்றார் அப்பா. "இருந்த நாய் இப்ப எங்கங்க?"

"இறந்துவிட்டது. அதுதான் பிரச்சினையே. அது திரும்பி வந்தால் எங்கள் வெற்றி விகிதம் நூறிலிருந்து தொண்ணூற்றொன்பதே முக்காலாகக் குறையும். ஒரு நாய்க்காக மற்ற முந்நூற்றுத் தொண்ணூற்றொன்பது குடும்பங்களின் நம்பிக்கையைக் குலைக்கலாமா? நீங்களே ஒரு தாய்." அவர் குரல் தழுதழுத்தது. "'நாய் இருந்தது, இறந்தது, திரும்பவில்லை' என்று ஒரே ஒரு கையொப்பம். பிள்ளை பள்ளிக்கூடம் போகட்டும்."

அம்மா பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள். லென்ஸ் கால் மில்லிமீட்டர் விலகினால் கூடப் பிரித்துத் திரும்ப மாட்டுகிறவள். அப்பாவைப் பார்த்தாள். அப்பா சுவரோரப் பையைப் பார்த்தார். அவள் கையொப்பமிட்டாள். சாமி படத்தின் முன் நின்று, "இல்லாத நாயைக் கொன்னுட்டேன். உன் கணக்குல இதுக்கு என்ன தண்டனைன்னு எனக்குத் தெரியல" என்றாள். அப்பா பின்னாலிருந்து, "இல்லாத நாய்க்கு இல்லாத தண்டனைதான்டி" என்றார். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

பத்து அமர்வும் முடிந்தன. கடைசி எண்ணைச் சொல்லிவிட்டு நாற்பத்தொன்று, "பொண்ணு நல்லா வருவாம்மா" என்றாள். நன்றி என்று அம்மா தொடங்குவதற்குள், "இந்த அழைப்பின் தரத்தை மதிப்பிட விரும்பினால்" என்று இயந்திரம் பேச ஆரம்பித்துவிட்டது. ஏழு புதன்கிழமைச் சாப்பாடு. அதை எந்தப் பொத்தானில் அழுத்தி மதிப்பிடுவது?

பத்து வாரமும் இணையத்தில் நடந்த ஆதரவின் சான்றிதழை நேரில் வந்துதான் வாங்கவேண்டும் என்பது விதி. மிச்சமிருந்த அந்த ஒரு வாரத்தின் கடைசி நாளில் அம்மா கடையில் அனுமதி கேட்டுக்கொண்டு, வேலைப் பையோடு அப்படியே மையத்துக்குப் போனாள். பெரிய கட்டடம். அன்று அங்கே 'நூறு சதவீத அரவணைப்பு விழா'. வரவேற்பு மேசையில் சான்றிதழைக் கொடுத்து, விழா முடியும்வரை இருக்கவேண்டும் என்றார்கள். விழா நடக்கும் அரங்கில் இடமில்லை. குடும்பத்தார் எல்லாரும் ஒரு தனி அறையில் உட்கார்ந்து, அடுத்த அறையில் நடப்பதைத் திரையில் பார்க்க ஏற்பாடு செய்திருந்தார்கள்.

அம்மா சான்றிதழைப் பிரித்துப் படித்தாள். 'இவர், கதவு என்னும் வளர்ப்பு நாயின் மறைவிலிருந்து முழுமையாக மீண்டார் எனச் சான்றளிக்கப்படுகிறது.' தலைக்காயம் என்ற சொல்லே இல்லை. வராந்தாவுக்கு வந்து பள்ளிக்கூடத்துக்குத் தொலைபேசினாள். எழுத்தர் எடுத்தார்.

"சார், சான்றிதழ் வந்திருக்கு. ஆனா அதுல எழுதியிருக்கறது..."

"முத்திரை இருக்கா?"

"இருக்கு."

"வட்டமா? நீலமா?"

"வட்டம்தாங்க. நீலம்தான்."

"அப்புறம் என்னம்மா? அதுல என்ன எழுதியிருக்குன்னு யாரு படிக்கப் போறா? சாயங்காலத்துக்குள்ள கொண்டுவந்து குடுங்க. திங்கக்கிழமை பொண்ணை அனுப்புங்க. இப்போதைக்கு அரை நாள்தான், ஆமா."

"ஜன்னல் பக்கம்... மூணாவது பெஞ்ச்..."

"அது அவ இடம்தான். அங்க யாரும் உக்காரல. கூடப் படிக்கற புள்ளைங்க உக்கார விடல."

அம்மா சுவரில் சாய்ந்து நின்றாள். தொண்டை உலர்ந்திருந்தது. தண்ணீர் எங்கே என்று தேடிக்கொண்டு போனவள், ஒரு கதவைத் தள்ளினாள். தண்ணீர் இல்லை. நீளமான அறை. வரிசை வரிசையாகச் சிறு மேசைகள், ஒவ்வொன்றிலும் காதில் மாட்டும் கருவி. ஆள் யாரும் இல்லை. எல்லாரையும் கைதட்ட அரங்குக்குக் கூட்டிப் போயிருந்தார்கள். மேசைகளின் மேல் எண்கள் ஒட்டியிருந்தன.

நாற்பத்தொன்றில் திறக்காத சாப்பாட்டு டப்பா ஒன்று இருந்தது. அதன் அருகே, விசைப்பலகையின் மேல், வட்டமான ஃப்ரேம் போட்ட ஒரு கண்ணாடி, மடித்தபடி. மாட்டினால் தலை வலிக்கிறது என்று கழற்றி வைத்துவிட்டுப் போயிருக்க வேண்டும்.

அம்மா வாசலைப் பார்த்தாள். பிறகு வேலைப் பையிலிருந்து சின்ன ஸ்க்ரூ டிரைவரை எடுத்தாள்.

சுவரில் இருந்த ஒலிபெருக்கி வழியாக இயக்குநர் பேசிக்கொண்டிருந்தார். "...தன் செல்ல நாயை இழந்த ஒரு சிறுமி. இன்று அவள் புன்னகைக்கிறாள். எப்படி அறிவோம்? பதிவு இருக்கிறது! நண்பர்களே, அளக்கப்படாத அன்பு அன்பே அல்ல. பதிவாகாத உதவி உதவியே அல்ல. சாட்சி இல்லாமல் செய்யப்படும் எதற்கும்..."

இடது பக்க ஸ்க்ரூ பாதி கழன்றிருந்தது. அவள் அதை இன்னும் கொஞ்சம் தளர்த்தி, லென்ஸின் மேல் மெல்ல ஊதினாள். மூச்சின் ஈரம் படிந்ததும், லென்ஸை நேராக மாட்டுவதற்காகப் பொறித்திருந்த, இல்லாததுபோல் இருந்த இரண்டு நுண்ணிய வட்டக் குறிகள் தெரிந்தன. ஒன்று மேலே ஏறி, ஒன்று கீழே இறங்கிக் கிடந்தது. கட்டைவிரலால் லென்ஸை ஒரு நெல்லளவு திருப்பினாள். ஈரம் மறைந்தது. மறுபடி ஊதினாள். இன்னும் ஒரு மயிரிழை. மூன்றாவது முறை ஊதியபோது இரண்டு குறிகளும் ஒரே கோட்டில் நின்றன.

ஸ்க்ரூவை இறுக்கினாள். மூக்குப் பட்டைகளை நேராக்கினாள். நீலத் துணியால் இரண்டு பக்கமும் துடைத்து, முன்பு மடித்திருந்த மாதிரியே மடித்து, இருந்த இடத்திலேயே வைத்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் கைதட்டல் நெடுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தது.

அது ஓய்வதற்குள் கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுத் தண்ணீர் தேடிப் போனாள்.